இருளிலும் இரணம்
மணலியில் ஒப்பந்த வேலை முடிந்ததும், “அடுத்த மாதம் என்ன செய்வோம்?” என்று கலங்கி வட்டிக்கடைப் படியேறுவோர் நம்மில் உண்டு. சற்றுச் சிந்திப்போம்.

அண்டார்டிகாவில் விலன்ஸ் என்றோர் ஏரி. அதன்மேல் ஏறத்தாழ 800 மீட்டர் பனிக்கட்டி. 2013 ஜனவரியில் அமெரிக்க ஆய்வாளர்கள், சுத்திகரித்த வெந்நீரைப் பாய்ச்சித் துளையிட்டு நீர் எடுத்தார்கள். சூரிய ஒளியே எட்டாத அந்நீரில், ஒரு மில்லிலிட்டருக்கு லட்சத்துக்கும் மேலான நுண்ணுயிர்கள்! அம்மோனியம் போன்ற ரசாயனப் பொருள்களிலிருந்தே அவற்றில் பல சக்தி பெறுகின்றன.

அவ்விருளிலும் இரணமளிக்கும் ரப்பு, நம் வீட்டு அடுப்பை மறப்பானா? ஆயினும், தவக்குல் என்பது கைகட்டி இருப்பதன்று. ஃபஜ்ரு தொழுது, ஹலாலான உழைப்பைத் தேடிப் புறப்படுவோம். வேலையிழந்த அண்டை வீட்டாருக்கு வட்டியின்றிக் கடன் கொடுத்து உதவுவோம். அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.