தெரிந்துகொண்டால் போய்விடுமா?

காரின் முன்கண்ணாடியில் உட்புறமாகப் படிகிற எண்ணெய்ப் படலம் பெரும்பாலும் சாலையிலிருந்து வருவதில்லை. மூச்சின் ஈரத்துக்கும் கைப்பிசுக்குக்கும் சிகரெட் புகைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் யாரும் புகைக்காத புதிய காரிலும் அது படிகிறது. காரணம் டேஷ்போர்டு. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது, அதை மென்மையாக்க பிளாஸ்டிசைசர் எனப்படும் எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களைக் கலக்கிறார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் சூடு ஏற ஏற அவை சிறுகச் சிறுக ஆவியாகி, பின்பு கண்ணாடியில் குளிர்ந்து ஒட்டிக்கொள்கின்றன. கார் தயாரிப்பாளர்கள் இதை அளந்தே பார்க்கிறார்கள். டிஐஎன் 75201 என்னும் ஜெர்மன் தர அளவையின் ஒரு முறையில், உட்புறப் பொருளின் துண்டை 100 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் சூடாக்கி, அதற்கு மேலே 21 டிகிரியில் வைத்த கண்ணாடித் தகட்டின் பளபளப்பு எவ்வளவு மங்கியது என்று கணக்கிடுகிறார்கள். வெளியே எவ்வளவு மழை பெய்தாலும், வைப்பர் எத்தனை முறை ஓடினாலும் இந்தப் படலத்துக்கு ஒன்றும் ஆகாது.

இதில் சைவ சித்தாந்தம் படித்தவர்கள் நின்று யோசிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பகலில், ஒளி சீராக விழும்போது, படலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன் ஊடாகச் சாலையைப் பார்க்கிறோம், அதைப் பார்ப்பதில்லை. இரவில் எதிரே வரும் வண்டியின் ஹெட்லைட் அதில் பட்டுச் சிதறி, கண்ணாடி முழுதும் வெள்ளையாய்ப் பூக்கும்போதுதான் இடையில் ஏதோ இருக்கிறது என்று புரிகிறது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில், உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலத்தைப் பற்றிச் சொன்னதும் இதைத்தான். இருள் பொருள்களை மறைக்கும், ஆனால் தன்னையாவது காட்டும். ஆணவமோ பிறவற்றையும் மறைத்து, தான் இருப்பதையும் மறைத்துக்கொள்ளும் என்கிறார் அவர். இதைவிடக் கூர்மையாக அறியாமையை வரையறுத்தவர்கள் குறைவு என்பது என் எண்ணம். அறியாமை வெறும் இல்லாமையாக இருந்தால் அது தன்னை ஒளித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒளித்துக்கொள்வது எதுவோ, அது ஏதோ ஒரு பொருளாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து அருளொளி விழும்வரை உயிர் தன் கட்டை அறியாது என்று சித்தாந்தம் சொல்வதன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது.

பழைய வழக்கு இங்கே தொடங்குகிறது. கட்டுக்குக் காரணம் அறியாமை என்றால், அறிந்ததும் கட்டு நீங்க வேண்டும் அல்லவா? அத்வைதத்தின் சங்கரர் தரும் விடை: நீங்கும். கயிற்றைப் பாம்பென்று மயங்கியவன் கயிறு என்று அறிந்த கணத்தில் பாம்பு இல்லாமற்போகிறது; தடி எடுத்து அடிக்க வேண்டியதில்லை. சைவ ஆகமங்களுக்கு உரை வகுத்த ஆசிரியர்கள் இதை மறுத்தார்கள். மலம் என்பது பிழையான எண்ணம் அன்று, ஒரு திரவியம். கண்ணில் புரை இருக்கிறது என்று அறிவதால் புரை விலகுவதில்லை, மருத்துவரின் கை வேண்டும். அதுபோல மலம் அகல சிவனின் செயலாகிய தீக்கை வேண்டும் என்றார்கள். கார்க் கண்ணாடி இவர்கள் பக்கமே நிற்கிறது. படலத்தின் வேதியியல் முழுதும் அறிந்தவர் ஓட்டும் காரிலும் ஹெட்லைட் அப்படியேதான் சிதறும். அதை எடுக்கத் துணி வேண்டும், எண்ணெயைக் கரைக்கும் சோப்புநீரோ ஆல்கஹால் கலந்த கிளீனரோ வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. பிசுக்கை உறிஞ்சிய துணியாலேயே மறுபடி துடைத்தாலும் அப்படித்தான். ஈரத்துணியால் ஒருமுறை, வேறொரு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் மறுமுறை துடைக்க வேண்டும். கண்ணாடி சரிந்து டேஷ்போர்டைத் தொடும் குறுகிய மூலைவரை கையை நீட்ட வேண்டும்.

எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்லிவிட்டால் கொள்கை நிறுவப்பட்டதாகிவிடுமா என்று அத்வைதி கேட்பார். ஆகாது. கண்ணாடி உண்மை, பிசுக்கும் உண்மை. ஆன்மாவோ ஒருநாளும் கறைபடாதது, ஆகவே உவமை பொருந்தாது என்பார். அதற்கு விடை கண்ணாடியில் இல்லை, மனிதரில் இருக்கிறது. சினம் தீது என்று ஐயமின்றி அறிந்தவர் சினக்கிறார். பொறாமை தன்னைத்தான் தின்கிறது என்று பிறருக்கு விளக்கத் தெரிந்தவர் பொறாமைப்படுகிறார். கயிற்றைக் கயிறென்று அறிந்த பிறகும் பாம்பு நெளிகிறது. அது மெய்யான அறிவு அன்று, ஏட்டறிவு என்று சொல்லலாம். ஆனால் தோற்கும் அறிவையெல்லாம் அறிவே அன்று என்று ஒதுக்கிக்கொண்டே போனால், அறிவு மட்டும் போதும் என்ற கூற்றைச் சோதிக்க வழியே இராது. அத்வைத மரபுக்குள்ளேயே இந்த இடர் உணரப்பட்டிருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் வித்யாரண்யர் ஜீவன்முக்தி விவேகத்தில் தத்துவ ஞானத்தோடு வாசனைகள் தேய்வதையும் மனம் ஒடுங்குவதையும் சேர்த்தே பயிலச் சொல்கிறார். மனத்தில் ஒட்டியிருப்பதற்கு அறிவுக்கு அப்பாலும் ஒரு வேலை தேவைப்படுகிறது என்பதை இதைவிட எப்படி ஒப்புக்கொள்வது?

இன்னொரு மறுப்பு சித்தாந்திகளிடமிருந்தே வரலாம். படலம் ஒருநாள் தொடங்கியது. ஆணவமோ உயிரோடு அநாதியாக இருப்பது. வேறுபாடு உண்மைதான். ஆனாலும் உடனிருப்பது வேறு, இயல்பாயிருப்பது வேறு என்று வற்புறுத்துவது சித்தாந்தமே. எத்தனை காலம் ஒட்டியிருந்தாலும் பிசுக்கு கண்ணாடி ஆகிவிடுவதில்லை. துடைத்த இடத்தில் ஒளி தடையின்றிப் போகிறது. இதைவிடக் கடினமான கேள்வி, துடைப்பது யார் என்பது. கண்ணாடி தன்னைத் தானே துடைத்துக்கொள்ளாது. மலத்தை நீக்குவது அருளே என்றால் நமக்கு என்ன வேலை? சிவஞான சித்தியார் என்னும் நூல், தொண்டு நெறியாகிய சரியையைச் சொல்லும்போது கோயிலை அலகிடுவதையும் மெழுகுவதையும் முதலில் வைக்கிறது. உழவாரப் படையைக் கையில் ஏந்தியே அப்பர் தலந்தோறும் நடந்தார். கோயில் தரையைத் துடைத்தால் மலம் போய்விடும் என்று அவர்கள் எண்ணவில்லை. அருளுக்குக் காத்திருப்பது என்பது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது அன்று என்பதே அதன் பொருள்.

ஒருமுறை துடைத்தால் முடிந்ததா என்பது பாக்கி. காரில் முடியாது, அடுத்த கோடையில் டேஷ்போர்டு மறுபடி ஆவி விடும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், ஞானக்கண்ணால் பதியாகிய இறைவனைக் காண்பதை ஒன்பதாம் சூத்திரத்திலேயே சொல்லிவிடுகிறது. அங்கே நூலை முடித்திருக்கலாம். ஆனால் கடைசியான பன்னிரண்டாம் சூத்திரம் மலத்தைக் கழுவி, அடியாரோடு கூடி, அவர் வேடத்தையும் ஆலயத்தையும் சிவமாகவே தொழும் வாழ்வைக் காட்டுகிறது. கண்டவருக்கும் பழைய வாசனை மீளலாம் என்பதால்தான் இந்த ஏற்பாடு. சித்தாந்தத்தில் முத்திநிலையிலும் ஆணவம் அழிவதில்லை. அதன் சக்தி மட்டும் அடங்கிக் கிடக்கிறது.