தொழில் தருபவரும் தொழில் செய்பவரும்: நம்பிக்கை எனும் தர்மம்

ஆவணி மூலத்தன்று நினைவுகூரப்படுவது, சிவபெருமான் பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலாகும். வைகை பெருகியபோது, வீட்டுக்கொருவர் வந்து கரையை அடைக்க வேண்டும் எனப் பாண்டியன் கட்டளையிட்டான். பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் மூதாட்டிக்கு ஆள் துணை இல்லை. இறைவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி வேலையை ஏற்றார். வந்தி பேசியபடி கூலி கொடுத்தாள். வேலையோ நடக்கவில்லை. சினமுற்ற மன்னன் பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன் முதுகிலும், எல்லா உயிர்கள் மீதும் விழுந்தது என்கிறது திருவிளையாடற் புராணம்.

இறைவன் செய்தது திருவிளையாடல். மனிதன் அவ்வாறு செய்தால் அது ஏமாற்று. அதேவேளை, தொழிலாளி மீது விழும் அடி அடித்தவரையும் விடாது என்பதும் இக்கதையின் பாடமே.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழ்வோருக்கு இது பழங்கதை மட்டுமல்ல. முன்னாளில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. ஒருவரின் கடன் துண்டில் எழுதப்படும். அதை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போகலாம். ஆளை நம்பாமல் கடனால் கட்டி வைத்த அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளின் பின், 1927இல், குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது.

இன்று கடன் துண்டு இல்லை. தராசும் கணக்குப் புத்தகமும் உண்டு. நிறுக்கும்போது கொழுந்தின் நிறையை நியாயமின்றிக் கழிப்பதும், முழுப் பேருக்கு உழைத்தவருக்கு அரைப் பேர் போடுவதும் பாவமே. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படுகிறது. தொழில் தருபவர் 12 வீதம் சேர்க்க வேண்டும் என்பது 1958ஆம் ஆண்டுச் சட்டம். கழித்த பணத்தைக் கட்டாமல் விடுவது, முதுமைக்கென ஒருவர் நம்பி ஒப்படைத்ததை எடுத்துக்கொள்வதாகும்.

தொழிலாளிக்கும் கடமை உண்டு. இறப்பர் மரத்தில் ஆழமாக வெட்டினால் அன்று பால் கூடலாம். ஆனால் காயப்பட்ட பட்டை சரிவர வளராது, மரம் கெடும். முற்றிய இலையைக் கொழுந்தோடு கலந்தால் நிறை கூடும், தேயிலையின் தரம் விழும். யாரும் பார்க்காத மலையில் ஒழுங்காக வெட்டுவதும் பறிப்பதும் வழிபாட்டுக்கு ஒப்பாகும்.

அப்படியாயின் யார் முதலில் நம்புவது? ‘அவர் சரியாக நடந்தால் நானும் நடப்பேன்’ என்று இருவரும் காத்திருந்தால் இரு பக்கமும் கெடும். தராசும் கணக்கும் எவர் கையில் உள்ளனவோ, அவரே முதலடி வைக்கக் கடமைப்பட்டவர். ஏனெனில் தவறினால் அவர் இழப்பது சில ரூபாய், தொழிலாளி இழப்பது அன்றைய அடுப்பு. நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதும் அல்ல. ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பியபின் அவரைச் சந்தேகிப்பதும் தீராத துன்பம் தரும் என்பது ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய வழி. ஆகவே கணக்கைக் காட்டச் சொல்வது அவமதிப்பு அல்ல. காட்டுவது சிறுமையும் அல்ல.

எம்பிலிப்பிட்டியவில் கடையிலோ, வயலிலோ, தோட்டத்திலோ ஓர் ஆளையேனும் வேலைக்கு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். சந்நிதியில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று ஒரே திருநீற்றைப் பூசுகின்றனர். அந்தச் சமத்துவம் சம்பள நாளிலும் விளங்க எல்லாம் வல்ல இறைவன் அருள் பாலிப்பாராக.