உள்ளே வந்தது யார்?

2021இல் தைப்பூசம் அரசு விடுமுறையாவதற்கு முந்தைய ஒரு வருஷம் நடந்தது இது. தணிக்கைக்கு வந்தவர் என் முன் ஓர் அச்சுத்தாளை வைத்தார். அதன்படி, அவ்வருஷத் தைப்பூசத்தன்று மாலை 6 மணி 12 நிமிஷத்துக்கு வங்கியின் கணினிக்குள் நான் நுழைந்திருக்கிறேன். 'நீங்கள்தானே?' என்றார். 'நான்தான் சார்' என்றேன்.

நான் இல்லை. அந்த நேரத்தில் வடலூர் சபையில், ஏழு திரைகள் விலகுவதற்காகக் காத்திருந்த கூட்டத்தில் நின்றிருந்தேன். வடக்குத்தில் குடியிருப்பவனுக்கு அது பஸ்ஸில் கொஞ்ச தூரம். அங்கே நான் நுழைந்ததை எவரும் குறித்துக்கொள்ளவில்லை. நான் இல்லாத இடத்தில் என் நுழைவு நிமிஷம் பிசகாமல் குறிக்கப்பட்டிருந்தது. தன் கடவுச்சொல் பூட்டிக்கொண்டுவிட்ட மூத்த குமாஸ்தா ஒருவருக்கு என்னுடையதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தேன். விதிப்படி இது குற்றம். பணம் எதுவும் போகவில்லை. அவர் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. நான் சொன்ன பொய்யைப் பெருந்தன்மை என்றே சில நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்பொய்யில் விசித்திரம், பதிவும் அதற்கு ஒத்துப்போயிற்று என்பதுதான். அந்தப் பதிவில் இருப்பது என்ன? ஒரு பயனர் எண், தேதி, நேரம், எந்த இயந்திரத்திலிருந்து என்பதற்கு ஒரு முகவரி, கடவுச்சொல் பொருந்திற்றா இல்லையா என்கிற தகவல். ஒரு சாவி ஒரு பூட்டில் திரும்பியது என்பதற்கு மேல் அது எதையும் அறியாது. வெளியேறுவதைப் பற்றி இன்னும் குறைவாகவே அறியும். அதற்கான பொத்தானை அழுத்தினால் குறித்துக்கொள்ளும். அழுத்தாமல் எழுந்து போய்விட்டால், கொஞ்ச நேரம் மௌனத்தைக் கவனித்துவிட்டு, ஆள் போயிருப்பான் என்று தானே முடித்துக்கொள்ளும். சுரங்கத்துக்கு ஷிப்டு போய்வருகிற என் தெருக்காரர்களிடம், உள்ளே போனது உறுதி, வெளியே வந்தது அனுமானம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த ஏற்பாட்டின் பூர்வீகத்தைப் பார்க்கலாம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ள ஓர் அமைப்பை உண்டாக்கியது. ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடாமலிருக்கக் கடவுச்சொல் வந்தது. அவரவர்க்கு அளந்து விட்ட நேரத்துக்குக் கணக்கும் வந்தது. 1962இல் ஆலன் ஷெர் என்கிற ஆய்வு மாணவர், தன் பங்கு நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொற்களையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு அடுத்தவர் பெயரில் நுழைந்து வேலை செய்தார். இயந்திரத்தின் கணக்கில் அவை அடுத்தவர்களின் மணிகள். உண்மையைப் பல வருஷங்கள் கழித்து அவரே சொன்னார்.

பதிவே கூடாது என்பதல்ல என் வாதம். செய்யாத குற்றத்துக்காக நிறுத்தப்படும் குமாஸ்தாவுக்குச் சில சமயம் அது ஒன்றுதான் துணை. எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதில்தான் சச்சரவு. 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஒருவர் ஆதாரால் தன்னை நிரூபித்துக்கொண்ட தருணங்களின் பதிவை 6 மாதத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது என்றது. 5 வருஷம் வைத்திருக்க இடம் தந்த விதியைத் தள்ளியது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, நிறுவனங்கள் தம் கணினிகளின் நடமாட்டப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருந்தே ஆகவேண்டும் என்று உத்தரவிட்டது. ஏறத்தாழ ஒரே அளவு, ஒரு இடத்தில் கூரையாகவும் மற்றதில் தரையாகவும் இருக்கிறது. குடிமகனை மறந்துவிட வேண்டும், திருடனை மறக்கக் கூடாது, இரண்டும் நியாயமே. ஆனால் பதிவில் பெயர் உள்ளவனே செய்தவன் என்கிற நம்பிக்கை இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதில் கைரேகை வந்தாலும், விரல் யாருடையது என்று தெரியுமே தவிர, எதற்காக வைத்தான் என்பது தெரியாது.

தணிக்கை முடிந்து ஒரு வாரம் கழித்து அந்த மூத்தவர் என்னிடம் வந்தார். 'ஏன் தம்பி, நீயே செஞ்சதா சொல்லிட்டியாமே?' முடங்கிக்கிடந்த ஒரு கிழவியின் பென்ஷன் கணக்கைச் சரிசெய்வதற்காக, மானேஜரைத் தவிர எல்லோரும் போனபின் அவர் அன்று உட்கார்ந்திருந்திருக்கிறார். 'நான் செஞ்ச வேலை தம்பி அது' என்றார். குரலில் கோபமில்லை. தன் வீட்டுப் பாத்திரத்தை வேறொரு வீட்டில் பார்த்துவிட்டவரைப் போல இருந்தார்.

அவரைக் காப்பாற்றியதாக நினைத்த நான், அவருடைய செயலையே எடுத்துக்கொண்டிருந்தேன். குற்றத்தோடு கூட அவருடைய கருணையும் என் பெயரில் சேர்ந்துவிட்டது. இயந்திரம் செய்த காரியமில்லை இது. அது ஓர் எண்ணைத்தான் எழுதி வைத்தது. அந்த எண்ணுக்கு என்னை ஆளாக்கியது நான் சொன்ன 'நான்தான்'. காஞ்சீபுரத்தில் கோயில் கொண்டிருக்கிற சித்ரகுப்தனின் ஏட்டில் இந்தக் குழப்பம் வராது. அவன் செய்தவனைப் பார்த்து எழுதுகிறவன். நம் ஏடுகளுக்கு அந்தப் பார்வை கிடையாது என்பதால், செய்தவன் முன்வந்து சொல்கிற கடமை நம்மிடமே மிஞ்சுகிறது.

அவருடைய சம்மதத்தோடு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு, ஓய்வு பெறுவதற்கு 12 நாள் முன்பு. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பதிவை யாரும் திருத்தவில்லை. திருத்தவும் கூடாது, திருத்த முடிகிற பதிவை யார் நம்புவார்கள்? அன்று மாலை 6 மணி 12 நிமிஷத்துக்கு நான் உள்ளே வந்ததாகவே, அதை வைத்திருக்கும்வரை அது சொல்லிக்கொண்டிருக்கும். நான் வரவில்லை என்பது வேறொரு கோப்பில், என் கையெழுத்தில் இருக்கிறது.