அடைபடாத கடன்

தாய்லாந்து அரசின் பொதுமக்களுக்கான மருத்துவக் காப்புத் திட்டம், சிறுநீரகம் செயலிழந்தோருக்கான சிகிச்சையை 2008ஆம் ஆண்டில் ஏற்றபோது, வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க வயிற்று வழி டயாலிசிஸையே முதற்சிகிச்சையாக வைத்தது. சிகிச்சை முறையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை 2022இல் நோயாளிக்குக் கிடைக்கும்வரை நீடித்த அக்கொள்கையால், செவிலியரின் வேலை பல வீடுகளில் மகள், மனைவி ஆகியோரின் கைக்கு வந்தது. குடலைச் சூழ்ந்த மெல்லிய சவ்வை வடிகட்டியாகக் கொண்டு, வயிற்றில் பொருத்திய குழாய் வழியே ஏறத்தாழ இரண்டு லிட்டர் கரைசலை உட்செலுத்தி, சில மணி நேரத்தில் கழிவோடும் மிகைநீரோடும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவதே இம்முறை. கையால் செய்யும்போது பொதுவாக நாளுக்கு நான்கு முறை இது நடக்க வேண்டும். கை கழுவுவதில் நேரும் சிறு கவனக்குறைவும் கிருமித்தொற்றில் முடியலாம் என்பதால், வடியும் நீர் கலங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும்.

இத்தனை செய்தும் சிறுநீரகம் குணமாவதில்லை, உயிர் மட்டுமே காக்கப்படுகிறது. குணம் என்னும் பலனைத் தராத பணியை ஒருவர் எதன் பொருட்டு நாள்தோறும் செய்வது என்ற கேள்விக்குத் தேரவாத பௌத்தம் வேரூன்றிய அந்நாட்டில் எளிதாகக் கிடைக்கும் விடை, பெற்றோருக்குப் பட்ட நன்றிக்கடன் என்பதாகும். பௌத்த மறைநூல் தொகுதிகளுள் ஒன்றான அங்குத்தர நிகாயத்தின் ஒரு சூத்திரம், தாயை ஒரு தோளிலும் தந்தையை மறுதோளிலும் நூறாண்டு சுமந்து, குளிப்பாட்டி, அவர்களின் மலசலத்தையும் பொறுத்துக்கொண்டாலும் அக்கடன் அடைபடாது என்கிறது. களைத்துப்போன மகள் இதனைக் குற்றச்சாட்டாகவே கேட்கக்கூடும். ஆனால் பெற்றோரை நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, ஞானம் ஆகியவற்றில் நிலைநிறுத்துவதே கைம்மாறு என்று அச்சூத்திரம் தொடர்வதைக் கருதினால், உடலுழைப்பு அக்கடனுக்கான தவணையே அல்ல என்பதும், ஆகவே ஓர் இரவு அயர்ந்து உறங்கியவர் எதையும் பாக்கி வைத்தவராகார் என்பதும் விளங்கும். இந்த வாசிப்பே நூலுக்கும் மனிதருக்கும் நேர்மையானது.

நோயாளியைப் பேணுவது பற்றி, துறவியருக்கான ஒழுக்கநூலாகிய விநயபிடகத்தின் மகாவக்கம் என்னும் பகுதி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரை, அவரால் தமக்குப் பயனில்லை என்று பிற பிக்குகள் கைவிட்டிருக்க, புத்தரும் அவருடைய சீடர் ஆனந்தரும் அந்தப் பிக்குவைக் கழுவித் தூக்கிப் படுக்கையில் கிடத்துகின்றனர். அதன்பின் கூறப்படும் பேணுவோருக்குரிய தகுதிகளில் அருவருப்பின்மையும் ஆதாயம் கருதாமையும் இருப்பது எதிர்பார்க்கத்தக்கதே. மருந்து ஆயத்தம் செய்யும் திறனும், உகந்தது எது, ஒவ்வாதது எது என்னும் அறிவும் அவற்றோடு வைக்கப்பட்டிருப்பதுதான் ஆழ்ந்து நோக்கத்தக்கது. அன்பு மட்டும் போதாது, அது கைத்திறனாக வேண்டும் என்பதை, தொடக்கத்தில் குழாயைத் தொடவே நடுங்கிப் பின்பு உறுதிபெறும் குடும்பத்தார் தம் பழக்கத்தாலேயே அறிகின்றனர். நோயாளிக்கும் அந்நூல் கடமை வகுக்கிறது: அளவறிதலும் நோயின் நிலையை மறையாது உரைத்தலும் அவற்றுள் அடங்கும். மருத்துவர் விதித்த வரம்பு மீறி நீர் அருந்திவிட்டு அதை மகளிடம் மறைக்கும் தந்தை, தம் உடலுக்கு மட்டுமன்றி அவளது உழைப்புக்கும் தீங்கு செய்கிறார்.

அந்நூலின்படி, பேணும் பொறுப்பு ஆசிரியர், மாணவர், உடனுறைவோர் என விரிந்து, ஒருவரும் இல்லாதபோது துறவியர் சங்கம் முழுவதையும் சேர்கிறது. தவறினால் அது குற்றமாகிறது. துறவியருக்கான இவ்விதியை இல்லத்துக்குக் கொண்டுவந்தால், ஒரே மகள்மீது நான்கு வேளையும் சுமத்திவிட்டு அவளது பொறுமையைப் புண்ணியம் என்று போற்றும் உடன்பிறந்தாரும், சிகிச்சையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவளுக்கு மாற்றாள் தராத அரசும், அந்தக் குற்றத்திற்குப் பொறுப்பேற்க வேண்டியவர்களே.