நீங்க யாரோட ஆளு?

வீட்டை விற்பவரிடம் தரகர் சொல்கிறார்: "அண்ணே, நல்ல பார்ட்டி. நீங்க எதுவும் பேசாதீங்க, விலையை நான் பாத்துக்கறேன்." அதே நாள் சாயங்காலம் வாங்குபவரிடம் சொல்கிறார்: "சார், ஓனருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, அவசரமா பணம் வேணும். கொஞ்சம் அடிச்சுப் பேசலாம்." இரண்டிலும் பொய் இல்லை. பத்திரம் பதிவானதும் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொள்வார். நம்மூரில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. கல்யாணத் தரகரும் இரண்டு வீட்டிலும் வாங்குகிறவர்தானே?

ஆனால் கல்யாணத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் நல்லது நடக்கலாம். விலை அப்படியில்லை. அது ஒரே எண். ஒருவர் பையில் கூடினால் இன்னொருவர் பையில் குறையும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 60 லட்சம் பெறும் வீடு 58 லட்சத்துக்குப் போனால், விற்பவருக்கு 2 லட்சம் நஷ்டம். தரகருக்கு, 2 சதவீதக் கமிஷனில், 4,000 ரூபாய்தான் குறையும். பேரமே முறிந்தால் 1,20,000 ரூபாயும் போச்சு. அதுவும் விற்பவர் பக்கத்துக் கமிஷன் மட்டும். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. விற்பவர், வாங்குபவர் இருவரையும் விட, 'சட்டுபுட்டுனு முடியணும்' என்பதன் பக்கம்தான் அவரை இந்தக் கணக்கு தள்ளுகிறது.

கி.மு. 44-இல் சிசரோ எழுதிய 'கடமைகள் பற்றி' நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வீடு வருகிறது. அதன் மரங்கள் உளுத்துப்போனவை. உரிமையாளருக்கு மட்டுமே அது தெரியும். சொல்லாமல் விற்கலாமா? சொல்லாதிருப்பதும் மறைப்பதும் வேறுவேறு என்று வாதாடுகிறார் டயோஜெனிஸ் (பீப்பாய்க்குள் வாழ்ந்தவர் இல்லை, பாபிலோன்காரர்). தெரிந்தே ஒருவரைத் தவறுக்குள் நடத்திப் போவது அது என்கிறார் ஆன்டிபேட்டர். சிசரோவின் தீர்ப்பு ஆன்டிபேட்டர் பக்கம்.

நம் சட்டமும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவு: சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அவர் அதைச் சொல்லியாக வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாதவரை இதுதான் விதி.

சரி, நடுவில் நிற்கிறவர் என்ன செய்யலாம்? அவர் கையில் இரண்டு வகை ரகசியங்கள் இருக்கின்றன. கோடையில் கிணறு வற்றும் என்பது ஒன்று. ஓனருக்குக் கடன் நெருக்கடி என்பது இன்னொன்று. முதலாவது வீட்டைப் பற்றியது. அதில் குடியிருக்கப்போகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. இரண்டாவது ஒரு மனிதரின் வாழ்க்கை. அதை வெளியே சொல்வதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ். கிணற்றைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள். ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார்கள்.

முப்பது பேருக்கு வீடு காட்டி, ஒன்றும் முடியாமல், பெட்ரோல் காசும் தேறாத மாதங்கள் தரகருக்கு உண்டு. அவரும் பிழைக்கணும். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கட்டும். ஆனால் முதல் நாளே சொல்லிவிடட்டும்: "நான் ரெண்டு பேர்கிட்டயும் வாங்குவேன். வீட்டைப் பத்தித் தெரிஞ்சதைச் சொல்வேன். விலை விஷயத்துல யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன்." இது நேர்மையான வேலை. இருவரையும் தனித்தனியே 'நம்ம ஆளு' என்று நம்பவிடுவதில்தான் துரோகம் தொடங்குகிறது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவான திட்டங்களில் மனை, ஃப்ளாட் விற்கும் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொய்யான விவரம் தரக்கூடாது. தெருமுனையில் ஒரு பழைய வீடு கைமாறும்போது அந்தப் பதிவைக் கேட்க யாரும் வருவதில்லை. அங்கே நாம்தான் கேட்டாக வேண்டும். வில்லங்கச் சான்றிதழையும் தாய்ப்பத்திரத்தையும் படிக்க, தரகர் கைகாட்டாத ஒரு வக்கீலைப் பார்ப்பது அதில் ஒரு பாதி. மறு பாதிக்குச் செலவே இல்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன், கூச்சப்படாமல், அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்: "அண்ணே, இதுல நீங்க யாரோட ஆளு?"