இரண்டு தெனாரியம்

நோய் தீர வேண்டி வருவோரைக் காண்பது சங்கரன்கோவிலுக்குப் புதிதன்று. இவ்வூர்க் கோவிலின் புற்றுமண்ணை மருந்தாக நம்பிப் பூசிக்கொள்ளும் மக்கள் பல ஊர்களிலிருந்தும் வருகின்றனர். அதே எதிர்பார்ப்போடு சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஏழைகள் காலையிலேயே மருத்துவமனைகளின் புறநோயாளிகள் பிரிவில் வந்து அமர்கின்றனர். விசைத்தறி ஓட்டுபவர், பீடி சுற்றும் பெண், பூப்பறிக்கும் கூலியாள் என அங்கே அமர்ந்திருப்போர் யாவரும் ஒருநாள் வருமானத்தை விட்டுவிட்டு வந்தவர்களே. அவர்களை அங்கு முதலில் தொடுவது பெரும்பாலும் மருத்துவரின் கை அன்று. சக்கர நாற்காலியைப் பிடிக்கும் கை, எடை பார்க்கும் கை, வாந்தியைத் துடைக்கும் கை. அந்தக் கைக்குரியவரை நாம் 'ஆயா' என்கிறோம். 'வார்டு பாய்' என்கிறோம். பெயரைக் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவரை ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். நெடுநேரம் காத்திருந்ததில் அம்முதியவர் இருந்த இடத்திலேயே வேட்டியை நனைத்துவிட்டார். அருகிலிருந்தோர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினர். உண்மையைச் சொன்னால், நாமும் ஓரடி விலகினோம். அங்கே பணிபுரியும் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். முகம் சுளிக்கவில்லை. முதலில் திரையை இழுத்து விட்டார். பிறகுதான் வேட்டியில் கை வைத்தார். "வெக்கப்படாதீய தாத்தா, எங்கப்பாவும் கடைசியில இப்படித்தான் இருந்தாவ" என்றார்.

நெஞ்சம் நெகிழ்ந்து, "அம்மா, நீங்கள் செய்வது கடவுளுக்குரிய தொண்டு" என்று அவரிடம் சொன்னோம். கையைக் கழுவிக்கொண்டே அவர் சொன்ன பதில் இன்றும் நம் செவியில் ஒலிக்கிறது: "தொண்டுன்னு சொல்லாதீய சாமி. இது வேலை. ரெண்டு மாசமாச் சம்பளம் வரல."

நம்மால் பதில் பேச இயலவில்லை. அதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நமது பொறுப்பிலிருந்த சிறு மருந்தகம் ஒன்றில் உதவியாளராக இருந்த ஒரு பெண், பிள்ளைகளின் படிப்பைச் சொல்லி ஊதிய உயர்வு கேட்டார். "சேவை மனப்பான்மை வேண்டும், அம்மா" என்று அறிவுரை கூறி அனுப்பினோம். மறுமாதம் அவர் வேலையை விட்டுச் சென்றார். அன்று நாம் சொன்னது மறையுரை என்று எண்ணியிருந்தோம். அது ஒரு கணக்கு என்பது இரண்டு மாதச் சம்பளம் வராத அப்பெண்ணின் முன்னே நின்றபோதுதான் விளங்கிற்று.

கூலிக்குச் செய்யப்படும் பணிவிடை அன்பாகுமா? சிலர் ஆகாது என்பர். பணம் வாங்கிய பிறகு அன்பு ஏது, அது வெறும் தொழில்தானே என்பது அவர்கள் வாதம். வேறு சிலர், அன்பிருந்தால் பணத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பர். இரண்டும் எதிரெதிர்க் கருத்துகள் போலத் தோன்றினாலும், கூலியும் அன்பும் ஒரே கையில் இருக்க முடியாது என்ற ஒரே எண்ணத்திலிருந்துதான் பிறக்கின்றன.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். குருவையும் லேவியரையும் கடிந்துகொள்கிறோம், சமாரியரைப் போற்றுகிறோம். ஆனால் அந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் சமாரியர் மறுநாள் புறப்பட்டுவிடுகிறார். அதன்பின் காயம்பட்டவரைப் பார்த்துக்கொண்டவர் சாவடிப் பொறுப்பாளர். புண்ணைக் கழுவியதும், இரவில் முனகல் கேட்டு எழுந்ததும் அவராகவே இருக்க வேண்டும். அவர் கூலி பெற்றவர், இரண்டு தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒருநாள் கூலி என்பதைத் திராட்சைத் தோட்ட உவமை நமக்குச் சொல்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக இவ்வுவமையை விளக்கி வரும் நாம், அந்தப் பொறுப்பாளரைப் பற்றி ஒருமுறைகூட மறையுரை ஆற்றியதில்லை.

சமாரியர் அவரிடம், "இது புண்ணியச் செயல், இலவசமாகச் செய்" என்று சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முன்பணம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தார். அவருடைய இரக்கம் எண்ணெய் வார்ப்பதோடு நிற்கவில்லை. கணக்கைத் தீர்ப்பதுவரை சென்றது. பிறருடைய உழைப்பைக் கொண்டு தம் அன்பை நிறைவேற்ற வேண்டியிருந்தபோது, அந்த உழைப்புக்குரிய விலையை அவர் மறக்கவில்லை.

ஆனால் இரண்டு தெனாரியத்தால் எதை வாங்க முடியும்? நேரத்தை வாங்கலாம், கைகளை வாங்கலாம். அம்முதியவரைத் துடைத்துவிடுவது அப்பெண்ணின் வேலை. துடைப்பதற்கு முன் திரையை இழுத்தாரே, அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை எழுதப்படவில்லை. கூலி நீதியின் கடன். திரை அன்பின் கொடை. கொடை பெற்றவன் கடனைக் கொடுக்காமலிருக்க அதையே காரணமாக்கினால், அவன் இருமுறை எடுத்துக்கொள்கிறான்.

"சாமி, நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள்; நாற்காலியைத் தள்ளப் பணம் கேட்டுக் கைநீட்டுபவர்களை அறியமாட்டீர்களா?" என்று வாசகர்கள் கேட்கலாம். அறிவோம். அன்றாடக் கூலியை இழந்து வந்த ஏழையிடம் அவனுக்குரிய உதவியையே விற்பது பாவம்தான். சம்பளம் குறைவு என்பது அதற்குக் காரணமாகலாம், நியாயமாகாது. ஆனால் அந்தக் கையைக் கண்டிக்கும் நாம், அதைக் காலியாக வைத்திருப்போரையும் கண்டிக்க வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைக் கண்டிப்பது எளிது, நேர்மையன்று.

தவறிய பணியாளரைப் பற்றிப் பேசும்போது புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் நினைவுக்கு வருகிறார். 1571இல் காலில் ஆறாத புண்ணோடு உரோமையின் புனித யாக்கோபு மருத்துவமனைக்கு வந்த அவர், அங்கேயே பணியாளராகவும் இருந்தார். சூதாட்டத்தாலும் சச்சரவாலும் வெளியேற்றப்பட்டார். மனம் திரும்பிய பின் அதே மருத்துவமனைக்கு வந்து, நோயாளிகள் கவனிப்பாரின்றிக் கிடப்பதைக் கண்டு கலங்கி, அன்பின் பொருட்டே பணிசெய்யும் ஒரு குழுவை உருவாக்கினார். 1586இல் அதற்குத் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் துறவிக்கு உணவும் உறைவிடமும் சபை தரும். நாம் கண்ட அந்தப் பெண்ணுக்கோ வாடகையும் பள்ளிக் கட்டணமும் உண்டு. 1886இல் கமில்லஸை நோயாளிகளின் பாதுகாவலராக அறிவித்த அதே பதின்மூன்றாம் சிங்கராயர்தாம், 1891இல் தமது சுற்றுமடல் வழியாக, உழைப்பாளி வாழப் போதுமான கூலி நீதியின் கட்டளை என்று உலகுக்கு உரைத்தார். திருச்சபை இவ்விரண்டையும் ஒரே வாயால் சொல்லியிருக்கிறது.

இவ்விரண்டும் இணைய முடியாதவை அல்ல. 1976இல் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், சிற்றூர்ப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பயிற்சி பெறுகின்றனர். புறநோயாளிகளின் பார்வையைச் சோதிப்பதும் அவர்களை வழிநடத்துவதும் பெரிதும் இவர்களே. கற்றுக்கொடுத்துப் பொறுப்பையும் ஒப்படைத்தால், கடைநிலைப் பணி என்று நாம் நினைப்பது மதிப்புள்ள தொழிலாகிறது. மறுபுறம், 2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக நலவாழ்வு இயக்கத்தின் கீழ் உருவான ஆஷா பணியாளர்களைப் பாருங்கள். 2022 மே மாதத்தில் உலக நலவாழ்வு நிறுவனம் அவர்களுக்கு விருதளித்துப் போற்றியது. ஆனால் அவர்கள் 'தன்னார்வலர்' என்றே அழைக்கப்படுகின்றனர். பெறுவது ஊதியமன்று, ஊக்கத்தொகை. போற்றுவது எளிது. ஒரு சொல்லை மாற்றினால் கடன் குறைந்துவிடுகிறது. 'தன்னார்வம்', 'சேவை', 'தொண்டு' ஆகிய புனிதச் சொற்கள் பிறர் வயிற்றின்மேல் வைக்கும் கல்லாகிவிடக் கூடாது. நமது திருச்சபை நிறுவனங்களும் இந்தக் கேள்விக்கு விலக்கல்ல.

அன்பு வாசகர்களே! உங்களில் பலர் நோயாளிகளாகவோ நோயாளியின் துணையாகவோ நாளை ஒரு மருத்துவமனை வாசலில் நிற்பீர்கள். அங்கே உங்களைத் தொடும் கைக்குரியவரின் பெயரைக் கேளுங்கள், மரியாதையோடு அழையுங்கள். சிலர் வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளப் பெண்களை அமர்த்தியிருப்பீர்கள். "எங்கள் வீட்டில் ஒருத்திபோலத்தான்" என்று சொல்வதற்கு முன், குறித்த நாளில் குறைவின்றிக் கூலி கொடுத்தோமா என்று எண்ணிப் பாருங்கள்.

மறுமாதம் அம்முதியவரோடு அதே இடத்துக்குச் சென்றோம். இம்முறை அப்பெண்ணைப் புகழவில்லை. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "சம்பளம் வந்ததா, அம்மா?" என்று வினவினோம். "ஒரு மாசத்துது வந்துட்டு சாமி" என்றார். பிறகு முதியவரின் தோளைப் பிடித்து, மெதுவாக உள்ளே அழைத்துச் சென்றார். இன்னொரு மாதக் கூலி இன்னும் பாக்கி இருந்தது.