கேட்கும் தூரம்

நவம்பர் இந்த நாட்டில் ஓய்வில்லாத மாதம். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டு முள்ளை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டால் பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டு வந்து வாசலில் நிற்கும். முதலாம் திகதி அனைத்துப் புனிதர் நாள். கடைகள் பூட்டு, சனம் சிவப்பு விளக்குகளோடு கல்லறைகளுக்குப் போகும். பதினொராம் திகதி காலை 11 மணி 11 நிமிடத்துக்குக் கொலோனில் கார்னிவல் தொடங்கும். அன்றைக்கு வேலைக்குப் போகிற ரயிலில் எனக்குப் பக்கத்தில் ஒரு கோமாளி நித்திரை தூங்கி விழுவான். அதே நாள் மாலை பிள்ளைகள் தாங்கள் ஒட்டிய கடதாசிக் கூடுகளுக்குள் விளக்கேற்றிக்கொண்டு பாட்டோடு தெருவால் போவார்கள். முடிவில் வாயில் வெள்ளைச் சுங்கானோடு ஒரு பாண் மனிதன் ஆளுக்கொன்று கிடைக்கும். அதன் பிறகு போரில் இறந்தோருக்கான துயர் ஞாயிறு, அதற்கடுத்த கிழமை இறந்தோர் ஞாயிறு. இவற்றுக்கு நடுவில் எங்கள் கந்தசஷ்டி, சில வருடங்களில் தீபாவளி, விளக்கீடு, தமிழ்ப் பள்ளிக்கூடம், பிள்ளைகளின் பட்மின்ரன், சனிக்கிழமைச் சாமத்தியவீடுகள், கடைசியில் 27.

இப்படியொரு மாதத்தில் எந்த நாளில் சிரிக்கலாம், எந்த நாளில் கூடாது என்று தீர்மானிப்பது யார்? இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. ஒரு காட்ஸ் கட்டிலிருந்து வந்தது.

1985 இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்தவர்களில் நானும் ஒருவன். றூர் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தைக் கைம் ஆக்கி எங்களைப் போட்டார்கள். வேலை செய்ய அனுமதி இல்லை. 1982 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதி இல்லை. நேரம் மட்டும் தாராளமாக இருந்தது. முதல் மாதச் சோசல் காசில் நாலு பேரும் சேர்ந்து வாங்கிய முதல் பொருள் ஒரு காட்ஸ் கட்டு. பிரித்துப் பார்த்தால் உள்ளே 32 காட்ஸ்தான். குறைந்த கட்டைத் தலையில் கட்டிவிட்டான் என்று திருப்பிக் கொடுக்கப் போனோம். கடைக்காரன் கையால் விளக்கினான். அது ஸ்காட் கட்டு. இந்த நாட்டு ஆட்டத்துக்கு ஏழிலிருந்து ஆஸ் வரை போதும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஊரில் 304 அடிப்பதற்கு முதல் இரண்டிலிருந்து ஆறு வரை பொறுக்கி எறிவோமே, அந்த வேலையை ஜேர்மன்காரன் ஏற்கனவே செய்து வைத்திருந்தான். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்குப் 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு நிறத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. அகதிக்கு இந்த நாடு முதலில் செய்து தந்த வசதி அதுதான் என்று நாங்கள் பிறகு கனகாலம் சொல்லிச் சிரித்தோம்.

விசா வந்து, வேலை கிடைத்து, ஆளுக்கொரு பக்கம் வீடு எடுத்த பிறகும் சனிக்கிழமை இரவு அந்த ஆட்டம் நிற்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் வெளிக்கிட்டது. இதை வாசிக்கிறவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. எங்களுக்கு அது ரெலிபோன் இல்லாத இரவு. பி.பி.சி. தமிழோசையில் கேட்டது, கொழும்பில் யாரோ யாருக்கோ சொன்னது, அவ்வளவுதான். லட்சக்கணக்கான சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தடியில் நெரிபடுகிறது என்று தெரியும். அதற்குள் எங்கள் அம்மாமார் எங்கே என்று தெரியாது. அந்தக் கிழமைச் சனிக்கிழமையும் நாங்கள் கூடினோம். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கூடினோம். கை பழக்கத்தில் காட்ஸைப் பிரித்தது. பத்து மணியளவில் ஊர் அண்ணை ஒருவர் செய்தி ஏதும் வந்ததா என்று கேட்க வந்தார். கதவில் நின்றபடியே கேட்டார்:

"சனம் மழையுக்கை றோட்டில நிக்குது. உங்களுக்கு இப்ப காட்ஸ் கேக்குதோ?"

நாங்கள் கவிழ்த்து வைத்த துரும்பைக்கூட நிமிர்த்திப் பார்க்காமல் எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டிக்குள் போட்டோம். வெட்கமாக இருந்தது. அதன் பிறகு நாலு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அன்றிரவு நாங்கள் ஆடாமல் விட்டதால் நாவற்குழியில் ஒருவருக்கும் மழை குறையவில்லை. ஆடியிருந்தாலும் கூடியிருக்காது. அப்படியானால் அந்த வெட்கம் எதற்கு? பொய்யான வெட்கம் என்று தள்ளவும் முடியவில்லை. அது உண்மையாகவே சுட்டது.

இதற்கு விடை தேடி நான் ஊருக்குத்தான் போக வேண்டியிருந்தது, மனதால்தான். எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்த வீடு என்றால் அம்மா முதலில் செய்வது றேடியோவை நிற்பாட்டுவது. அதைச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். அது சட்டமுமில்லை. வேலிக்கு அப்பால் ஒரு தாய் குழறுகிறாள், எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டுப் போனால் அது அவளுக்குக் கேட்கும். அதுதான் முழுக் காரணமும். நாலு ஒழுங்கை தள்ளி இருப்பவன் பாட்டுக் கேட்பான், அவனை யாரும் குறை சொன்னதில்லை. இரத்த உறவுக்காரருக்குத் துடக்கு இருந்தது, அதற்குக் கணக்கு இருந்தது. மற்றவர்களுக்கு இருந்தது காது மட்டும். எங்கள் துக்க ஒழுக்கம் கேட்கும் தூரத்தை வைத்துக் கட்டப்பட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. றேடியோ நின்ற அதே இரவில், அந்தச் செத்த வீட்டு முற்றத்தில், பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் ஆம்பிளையள் வட்டமாயிருந்து 304 அடிப்பார்கள். சவத்தைத் தனியே விடக்கூடாது, விடியுமட்டும் முழித்திருக்க வேண்டும். நித்திரை வராமலிருக்கக் காட்ஸ். பிளேன்ரீ வந்துகொண்டிருக்கும். துரும்பை யாரோ பிழையாக வெட்டிவிட்டால் சத்தமும் வரும். உள்ளே அழுகிறவர்களுக்கு அது கேட்கும். யாரும் கோபித்ததில்லை. ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சத்தம்தான் அடையாளம். ஒரே ஆட்டம் அங்கே காவல், இங்கே குற்றம். எங்களைக் கலைத்த அண்ணையும் இப்படியான முற்றங்களில் இருந்து வளர்ந்தவர்தான்.

நாடு கடந்து வந்தபோது எங்களோடு வேலிகள் வரவில்லை. செத்த வீடு எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், அங்கே எங்கள் பாட்டும் கேட்காது, அழுகையும் கேட்காது. கேட்காத இடத்தில் இருப்பதன் குற்றவுணர்வுதான் எங்களிடம் மிஞ்சியது. அந்தக் குற்றவுணர்வு, கேட்கிற தூரத்தில் உள்ளவர்களைக் காவல்காக்கத் தொடங்கியது. நான் அவனைப் பார்க்கிறேன், அவன் என்னைப் பார்க்கிறான், யார் சிரிக்கிறான் என்று.

அந்த நவம்பர் கடைசிச் சனிக்கிழமை எங்களில் ஒருவனுக்குக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. அவனுடைய அம்மா சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனா. ஒன்பது நாள் கழித்துத்தான் செய்தி. அவன் நேரே என் அறைக்கு வந்தான். நாங்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றோம். அவன் அலுமாரியைத் திறந்து அந்தக் கட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"அம்மாவுக்கு ஆர் முழிச்சிருந்தவையோ தெரியாது. இண்டைக்கு நாங்கள் இருப்பம்."

விடியுமட்டும் அடித்தோம். அவனும் அடித்தான், புள்ளி எழுதினான், ஒருதரம் என்னைப் பேசவும் செய்தான். அந்த அண்ணையும் வந்தார். கதவில் கொஞ்சநேரம் நின்றார். பிறகு குசினிக்குள் போய்க் கேத்திலை வைத்தார். எத்தனை தரம் பிளேன்ரீ போட்டார் என்று எண்ணவில்லை.

அன்றைக்கு எங்களிடம் வந்தது இன்பம் என்று சொல்லலாமா என்பது எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆனால் அது விளையாட்டுத்தான். விளையாட்டாக இல்லாமல் சடங்காக மட்டும் இருந்திருந்தால் விடியுமட்டும் தாக்குப்பிடித்திருக்க மாட்டோம்.

கேட்கும் தூரம் இந்த நாட்டிலும் உண்டு என்று எனக்குக் காட்டியவ கீழ் வீட்டுக் கிழவி. 1998 நவம்பரில் ஒரு ஞாயிறு, மகனின் பிறந்தநாள். பகல் பதினொரு மணிக்கே கசற் போட்டு வீடு அதிர்ந்தது. மனிசி கதவைத் தட்டினா. நாங்கள் வழக்கமான முறைப்பாடு என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டு திறந்தோம். கறுப்பு உடுப்பு. கொஞ்சம் குறைக்க முடியுமா, இன்று இறந்தோர் ஞாயிறு என்றா. 1816 இல் பிரஷ்ய அரசன் ஒருவன் விதித்த நாள் அது என்பதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அவவின் தமையன் ஸ்ராலின்கிராட்டில் காணாமற் போனவன். கல்லறை இல்லை, அதனால் இந்த நாளில் எங்கே போவதென்று தெரியாமல் வீட்டில் இருப்பதாகச் சொன்னா. காணாமற் போனவன் என்ற சொல்லை எங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நிற்பாட்டினோம். இந்த மாநிலச் சட்டத்தில் அந்த ஞாயிறு பொது இடங்களில் காலை 5 இலிருந்து மாலை 6 வரைதான் கேளிக்கைக்குத் தடை. நாங்கள் ஆறு மணிக்குப் பிறகும் போடவில்லை. பிள்ளைகள் அறைக்குள் சத்தமில்லாமல் விளையாட முயன்று கூடுதலாகச் சிரித்தார்கள். கேக்கில் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கிக்கொண்டா.

அரசு கையாளும்போது இது வேறு விதமாகிறது. துயர் ஞாயிறின் கதை அதற்கு நல்ல உதாரணம். முதலாம் உலகப்போரில் இறந்தவர்களுக்காகத் தொடங்கிய நாள். 1934 இல் நாஸிகள் துயரம் என்ற சொல்லை எடுத்துவிட்டு அதை வீரர் நினைவு நாள் ஆக்கினார்கள். அரைக்கம்பத்துக் கொடியை உச்சிக்கு ஏற்றினார்கள். போருக்குப் பிறகு பழைய பெயர் திரும்பி வந்தது. 1952 இல் நாளும் நவம்பருக்கு மாறியது. 1989 இலிருந்து நாங்கள் கூடுகிற 27 இன் பெயரிலும் துயரம் என்ற சொல் இல்லை. மண்டபத்தில் படத்துக்கு முன்னால் நிற்கிற தாய்மாரிடம் அது இருக்கிறது. இதற்கு மேல் ஒப்பிட நான் விரும்பவில்லை, இரண்டும் ஒன்றல்ல.

பிரெக்டும் வால்டர் பென்யமினும் சதுரங்கம் ஆடுகிற ஒரு புகைப்படம் உண்டு. 1934 கோடை, டென்மார்க்கில் ஸ்வெண்ட்போர்க் பக்கம், பிரெக்ட் புகலிடம் தேடியிருந்த வீட்டுத் தோட்டம். இருவரும் ஹிட்லரிடமிருந்து ஓடியவர்கள். ஜேர்மனியில் அவர்களுடைய நண்பர்கள் முகாம்களில். இந்த நேரத்தில் உங்களுக்குச் சதுரங்கம் கேட்கிறதோ என்று அந்தப் படத்தைப் பார்த்து ஒருவரும் கேட்பதில்லை. 1940 இல் பென்யமின் போர்ட்போவில் உயிரை விட்டார். செய்தி கேட்டு பிரெக்ட் எழுதியபோது அவருக்கு நினைவு வந்தது அந்தச் சதுரங்க மேசை. நானும் என் நண்பர்களை அப்படித்தான் நினைப்பேன், துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை மறைக்கத் தெரியாமல் இருப்பவர்களாக.

இவ்வளவும் எழுதிவிட்டு என்னை நல்லவனாகக் காட்டக்கூடாது. 2008 நவம்பரில் வன்னியில் சனம் தறப்பாளுக்குள் ஒதுங்கிக்கொண்டிருந்தபோது, தெரிந்த ஒருவர் தன் ஐம்பதாவது பிறந்தநாளை மண்டபம் எடுத்து இசைக்குழுவோடு கொண்டாடினார். நான் போகவில்லை. போகாததோடு விடவில்லை. நாலு பேருக்கு ரெலிபோன் எடுத்து அவரைப் பற்றிக் கதைத்தேன், அந்த அண்ணையைவிடக் கடுமையாக. அவர் மனைவியின் பக்கத்தில் எல்லோரும் கிளிநொச்சியில் என்று எனக்குத் தெரியும். மனைவி அந்த மண்டபத்தில் பட்டுச்சேலையோடு நின்று வந்தவர்களைக் கும்பிட்டு வரவேற்றா என்று சொன்னார்கள். அந்த இசை கேட்கும் தூரத்திலேயே ஒரு செத்த வீடு நின்றிருக்கிறது. அதனால் எனக்கு வந்த கோபம் பிழையென்று இன்றும் படவில்லை. ஆனால் நான் அவவோடு ஒருநாளும் கதைக்கவில்லை. அவவுக்கு அந்த இசை எப்படிக் கேட்டதென்று கேட்கவில்லை. காது அவவுடையது, தீர்ப்பு என்னுடையது. அடுத்த மே மாதம் கழிந்து ஒருநாள் கடையில் கண்டபோது இருவரும் அரிசி விலையைப் பற்றிக் கதைத்தோம்.

இப்போது எங்கள் நாலு பேரில் ஒருவன் பிள்ளைகளின் படிப்பென்று இங்கிலாந்துக்குப் போய்விட்டான், அம்மாவுக்காக முழித்திருந்தவன்தான். மூன்று பேரோடும் 304 அடிக்கலாம். ஆனால் எதிரே சோடி இல்லாத ஆட்டம் எங்களுக்கு ருசிக்கவில்லை. ஸ்காட் மூன்று பேருக்கான ஆட்டம். என்னோடு வேலை செய்து பென்சன் எடுத்த ஒரு ஜேர்மன்காரர் வந்து பழக்குகிறார். கட்டு அதே 32 தான், புள்ளிதான் தலைகீழ். எங்கள் முப்பது புள்ளி ஜாக்கிக்கு அவர்கள் கொடுப்பது வெறும் இரண்டு. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் பழகிய கைக்கு அது ஏறுவதாக இல்லை. போன துயர் ஞாயிறு மனிசன் ஆறு மணிக்குப் பிறகுதான் வந்தார். தகப்பனின் பெயர் பொறித்த கல்லடிக்குப் போய்விட்டு வந்ததாகச் சொல்லி, ஈரக் கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, காட்ஸைக் குலைக்கச் சொன்னார்.